மாறிய பிரிவுகளும் மாறாத பிரிவும்: பல்கலைக்கழகத் தன்னாட்சி குறித்து ஒரு மறுவாசிப்பு

மலேசியப் பல்கலைக்கழகங்களின் தன்னாட்சி பற்றிய விவாதம் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே சட்டத்தைச் சுற்றி நடந்து வருகிறது. 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டமே அது. அதனை ஆதரிப்போரும் எதிர்ப்போரும் பெரும்பாலும் அதன் 15ஆம் பிரிவையே, அதாவது மாணவரின் அரசியல் ஈடுபாட்டைக் கட்டுப்படுத்தும் பிரிவையே எடுத்தாளுகின்றனர். ஒரு காப்பியத்தின் ஒரே காதைக்கு மீண்டும் மீண்டும் உரை எழுதிவிட்டு, நூல் முழுவதையும் கற்றதாகக் கருதுவதற்கு இஃது ஒப்பாகும். சட்டமும் ஒரு பனுவலே. அதனை முழுமையாக வாசிப்போமாயின், ஆட்சியின் உண்மையான பிடி துணைவேந்தரையும் இயக்குநர் வாரியத்தையும் நியமிக்கும் அதிகாரத்தில் இருப்பதைக் காணலாம். அப்பகுதியை ஏறக்குறைய எவரும் வாசிப்பதில்லை.

15ஆம் பிரிவு பெற்ற கவனம் காரணமற்றதன்று. 1969 பொதுத்தேர்தலின்போது மலாயாப் பல்கலைக்கழக மாணவர் சங்கம் தனக்கென ஓர் அறிக்கை வெளியிட்டுக் கூட்டங்கள் நடத்தியது. 1974 செப்டம்பரில் ஜொகூர் பாருவின் தாசேக் உத்தாராவில் குடியிருப்பை இழந்த ஏழைகளுக்காகவும், டிசம்பரில் பாலிங் வட்டாரத்து ரப்பர் சிறுதோட்டக்காரர்களுக்காகவும் மாணவர் வீதிக்கு வந்தனர். டிசம்பர் ஆர்ப்பாட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதாயினர். அம்மாதத்திலேயே உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்ட சமூகவியல் விரிவுரையாளர் சையிட் ஹுசின் அலி, 1980இல்தான் விடுதலையானார். இந்நிகழ்ச்சிகளை அடுத்து, கல்வி அமைச்சராயிருந்த டாக்டர் மகாதீர் முகமது 1975இல் கொண்டுவந்த திருத்தம் மாணவர் மீதான தடைகளை மேலும் இறுக்கியது. இவ்வளவும் பலரும் அறிந்ததே. அதே திருத்தத்தோடு, புலத்தலைவரை அப்புலத்தின் ஆசிரியர்களே தேர்ந்தெடுத்து வந்த மரபும் முடிவுற்றது. அதன்பின் புலத்தலைவர் துணைவேந்தரால் நியமிக்கப்படுபவர் ஆனார். மாணவரின் வாய் கட்டப்பட்டதை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. ஆசிரியரின் வாக்கு போனதைப் பற்றி ஆசிரியர்களாகிய நாமே அதிகம் பேசியதில்லை.

பின்வந்த ஆண்டுகளில் 15ஆம் பிரிவு படிப்படியாகத் தளர்ந்தது. 2010 ஏப்ரலில் நடந்த உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அங்குச் சென்ற மலேசியத் தேசியப் பல்கலைக்கழக அரசியல் அறிவியல் மாணவர் நால்வர் மீது ஒழுங்கு நடவடிக்கை தொடுக்கப்பட்டது. அரசியல் அறிவியல் பயில்வோர் ஒரு தேர்தலைக் கண்ணால் காண்பது குற்றமாகக் கருதப்பட்ட முரணை விளக்க உரையாசிரியர் எவரும் தேவையில்லை. 2011 அக்டோபர் 31ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றம், இருவருக்கு ஒருவர் என்ற பெரும்பான்மையில், அப்பிரிவின் ஓர் உட்கூறு கூட்டரசு அரசியலமைப்பின் 10ஆம் விதி உறுதி செய்யும் பேச்சுரிமைக்கு முரணானது எனத் தீர்ப்பளித்தது. 2012இல் மாணவர் அரசியல் கட்சிகளில் சேர அனுமதி கிடைத்தது. 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தம் வளாகத்திற்குள் கட்சி நடவடிக்கைகளுக்கிருந்த தடையையும் நீக்கியது. 2024ஆம் ஆண்டுத் திருத்தம் மாணவர் அமைப்புகள் தம் நிதியைத் தாமே கையாள வழிவகுத்தது. ஒவ்வொன்றும் வரவேற்கத்தக்கதே. ஆயினும் ஒவ்வொரு திருத்தத்தின்போதும் தன்னாட்சி மலர்ந்துவிட்டது என எழுந்த குரலை நாம் ஏற்பதற்கில்லை.

நியமனம் பற்றிய பகுதியை நோக்குவோம். துணைவேந்தரை அமைச்சர் நியமிக்கிறார். 2008இல் நிறைவேறி 2009இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், தகுதியானவரைத் தெரிவு செய்ய ஆலோசனைக்குழு ஒன்று வேண்டும் என்றது. முன்னேற்றம் எனத் தோன்றும். அக்குழுவை அமைப்பவர் யாரெனத் தேடினால் மீண்டும் அமைச்சரிடமே வந்து சேர்கிறோம். பல்கலைக்கழகத்தின் உயர் அதிகார அமைப்பாகிய இயக்குநர் வாரியத்தின் தலைவரை நியமிப்பவரும் அவரே. ஆக, வாரியம் அமைச்சரை நோக்கியும், துணைவேந்தர் அமைச்சரை நோக்கியும், புலத்தலைவர் துணைவேந்தரை நோக்கியும் நிற்கும் அமைப்பு இது. இவ்வமைப்பில் எவரும் கீழ்நோக்கிப் பொறுப்புச் சொல்ல வேண்டியதில்லை. அமைச்சர் நல்லவராயின் நன்று. அல்லராயின் என்செய்வது என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.

நல்ல நோக்கமுடைய அமைச்சரையும் இம்மரபு விட்டுவைக்கவில்லை என்பதற்கு 2018 சான்றாகும். அச்சட்டத்தை அகற்றுவோம் என்ற வாக்குறுதியோடு ஆட்சிக்கு வந்த கூட்டணியின் கல்வி அமைச்சர் மஸ்லி மாலிக், பதவியிலிருந்தவாறே அனைத்துலக இஸ்லாமியப் பல்கலைக்கழகத்தின் தலைவராகவும் பொறுப்பேற்றார். கடும் எதிர்ப்புக்குப் பின் நவம்பரில் அப்பொறுப்பிலிருந்து விலகினார். அப்பல்கலைக்கழகம் இச்சட்டத்தின்கீழ் இயங்குவதன்று என்பது உண்மையே. எனினும் அமைச்சும் பல்கலைக்கழகமும் ஒரே நாற்காலியில் அமரலாம் என்னும் எண்ணம் எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதை அது காட்டிற்று.

'தன்னாட்சி' என்னும் சொல்லும் ஆராயத்தக்கது. 2012 ஜனவரியில் மலாயாப் பல்கலைக்கழகம் உள்ளிட்ட ஐந்து ஆய்வுப் பல்கலைக்கழகங்களுக்குத் தன்னாட்சித் தகுதி 'வழங்கப்பட்டது'. வழங்குவோர் மீளப் பெறவும் கூடும் என்பது அவ்வினைச்சொல்லிலேயே அடங்கியுள்ளது. பின்னர் 2017 வரவு செலவுத் திட்டத்தில் அரசுப் பல்கலைக்கழகங்களின் நடைமுறைச் செலவுக்கான ஒதுக்கீடு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கப்பட்டபோது, சொந்த வருவாயைத் தேடிக்கொள்ளுங்கள் என்பதே தன்னாட்சியின் நடைமுறைப் பொருளாயிற்று. செலவுக்குத் தன்னாட்சி, தெரிவுக்கு அமைச்சாட்சி! அண்டைச் சிங்கப்பூரிலும் தேசியப் பல்கலைக்கழகமும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2006இல் நிறுவனங்களாக மாற்றப்பட்டுத் தன்னாட்சிப் பல்கலைக்கழகங்கள் எனப் பெயர் பெற்றன. அறங்காவலரை நியமிக்கும் அதிகாரம் அங்கும் கல்வி அமைச்சரிடமே உள்ளது. பெயர் அழகாக இருக்கிறது.

இச்சூழலில் ஆசிரியர் நிலை யாது? 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டமுறை அமைப்புகளின் ஒழுங்குச் சட்டம், அரசுக் கொள்கையைக் குறைகூறிப் பொதுவில் பேசுவதை ஒழுங்கு நடவடிக்கைக்கு உரியதாக்கியது. 2002இல் விசுவாச உறுதிமொழியில் கையொப்பமிடுமாறு விரிவுரையாளர்கள் பணிக்கப்பட்டனர். 'அக்கு ஜஞ்சி' என்பது அதன் பெயர்; நான் உறுதி கூறுகிறேன் என்று பொருள். 2014இல் மலாயாப் பல்கலைக்கழகச் சட்டத்துறை இணைப்பேராசிரியர் அஸ்மி ஷாரோம், தம் துறை சார்ந்த ஒரு கருத்தை ஊடகத்தில் கூறியமைக்காகத் தேச நிந்தனைக் குற்றச்சாட்டுக்கு உள்ளானார்; 2016இல் அது மீட்டுக்கொள்ளப்பட்டது. வழக்கு ஒன்றுதான். அதன்பின் நம்முள் எத்தனை பேர் எழுதிய பத்தியைத் தாமே அடித்தனர் என்பதை எந்த நீதிமன்றமும் கணக்கிடாது.

இங்கு நம் துறையின் தோற்றத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. அது நம் வாதத்திற்கு எளிதில் இசைவதன்று. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகம் இந்திய இயல் துறையை அமைக்க முற்பட்டபோது, ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்திற்கு முதன்மை தரும் பரிந்துரையை வழங்கினார். 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி அதனை எதிர்த்து மக்களைத் திரட்டி, 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு நூலக நிதியும் சேர்த்தார். 1956இல் தோன்றிய துறையில் தமிழ் இடம்பெற்றது. கல்வியறிஞரின் பரிந்துரையை வெளியார் மாற்றிய நிகழ்ச்சியன்றோ இது? தன்னாட்சியைப் போற்றும் நாம் இதனைக் கொண்டாடுவது முறையா? முறையே என்பது நம் எண்ணம். சாரங்கபாணி பல்கலைக்கழகத்தை நோக்கி வெளிப்படையாக வாதிட்டார். மறுக்கும் உரிமையும் ஏற்கும் உரிமையும் பல்கலைக்கழகத்திடம் இருந்தன. அதனாலேயே அதனிடம் வாதிடுவதில் பொருள் இருந்தது. கேட்கும் செவியும் முடிவெடுக்கும் கையும் ஒரே இடத்தில் இருந்தன.

இன்று தமிழுக்கு ஓர் இருக்கை வேண்டுமென்றாலோ, ஒரு பாடப்பிரிவு மூடப்படும் எனச் செய்தி வந்தாலோ, நம் சமூகத் தலைவர்கள் செனட் பேரவைக்கு மனு எழுதுவதில்லை. ஆசிரியர் சங்கங்களும் எழுதுவதில்லை. மாலையோடும் மகஜரோடும் அவர்கள் செல்லுமிடம் அமைச்சரின் அலுவலகம். அதிகாரம் எங்குள்ளது என்பதைச் சட்டத்தைப் படிக்காமலேயே அவர்கள் சரியாக அறிந்திருக்கின்றனர். அந்த வரவேற்பறையில் அவர்களோடு நாமும் அமர்ந்திருந்திருக்கிறோம்.