வாசிக்க முடியாத எழுத்து

பெடோங் பக்கத் தோட்டத்து வீட்டில் தாத்தாவின் ஜாதக நோட்டு ஒன்று இருந்தது. கட்டங்கள், எண்கள், சுருக்கி எழுதிய எழுத்துகள். "இதுல என்ன எழுதியிருக்கு தாத்தா?" என்று கேட்டால், "தொடாத, வச்சிடு" என்பார். கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' ஓவியங்களைத் திரையில் முதலில் பார்த்தபோது அந்த நோட்டுதான் ஞாபகத்துக்கு வந்தது.

1911இல் கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர், சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். 1963இல் இத்தொடரைத் தொடங்கும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார். நீர்வண்ண நிலக்காட்சிகளில் ஏற்கெனவே பெயர் வாங்கிய கை அது. ஒரு மாணவரின் கணக்கு நோட்டுப் பக்கம்தான் இதற்குத் தூண்டுதல் என்று அவரே சொல்லியிருக்கிறார். கணக்கைத் தீர்ப்பது அவர் வேலையில்லை. எண்களும் எழுத்துகளும் கோடுகளும் ஒரு தாளில் நெருங்கி நிற்கும் அழகு அவருக்குப் போதுமாக இருந்தது.

வரிவரியாக நுணுக்கி எழுதியதுபோல் இருக்கும். மலையாள எழுத்தின் சாயல் தெரியும், ஆனால் வாசிக்க முடியாது. நடுவே ஜாதகக் கட்டம், மீன், பறவை. இதற்குத் தாந்திரிக விளக்கம் தேடுபவர்கள் உண்டு. எனக்கு அது தேவையாகப் படவில்லை. நான் வேலையில் பார்க்கும் வரைபடங்களில் எந்தக் குறி எதைச் சுட்டும் என்ற பட்டியல் ஓரத்தில் இருக்கும். ஒரு வால்வைத் தப்பாக வாசித்தால் தொலைந்தோம். பணிக்கர் அந்தப் பட்டியலைக் கிழித்துவிட்டார். அதன்பின் எழுத்தும் அவருக்கு வண்ணம்போல ஒரு பொருள்தான்.

இப்படி யாருக்கும் புரியாமல் வரைய ஒரு துணிச்சல் வேண்டும், சோறும் வேண்டும். 1966இல் அவர் மாணவர்களோடு உருவாக்கிய சோழமண்டலம் கிராமத்தில் பாத்தேக் போன்ற கைவினைகளை விற்றுத்தான் ஓவியர்கள் பிழைத்தார்கள். நமக்குப் பக்கத்துப் பினாங்கில் 1950களிலேயே சுவா தியான் தெங் பாத்தேக் மெழுகையே ஓவிய ஊடகமாக்கியிருந்தார். சோழமண்டலத்தில் மெழுகு சோறு போட்டதால், ஓவியம் சந்தைக்கு வளைய வேண்டிய கட்டாயம் குறைந்தது.

இதுவரை எனக்குப் பணிக்கரோடு சண்டையில்லை. சண்டை வேறு இடத்தில் வந்தது.

என் சித்தப்பா மகன் சுங்கை பட்டாணியில் தேசியப்பள்ளியில் படித்தவன். தமிழ் பேசுவான், வாசிக்கத் தெரியாது. கைப்பேசியில் ஓர் ஓவியத்தைக் காட்டினேன்.

"இது தமிழாண்ணே?"

"இல்ல. எந்த மொழியும் இல்ல."

"எனக்குத் தமிழும் இப்படித்தான் தெரியும்."

பணிக்கருக்கு எழுத்து தெரியும். தெரிந்தேதான் அதிலிருந்து பொருளை உதறினார். அதை நாம் விடுதலை என்கிறோம். எழுத்தே கைக்கு வராத ஒருவனிடம் இதைக் கலைச் சாதனை என்று எப்படிச் சொல்வது? பொருள் உள்ளவனுக்குத்தானே துறவு? இந்த ஓவியங்களின் வசதியான இடம் இதுவென்றே அன்று நினைத்தேன்.

ஆனால் அவன் கைப்பேசியைத் திருப்பித் தரவில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் வாசிக்க முயன்று தோற்று, எரிச்சலோடு கடந்துபோன மூலையில் அவன் ஒரு பறவையைக் கண்டுபிடித்திருந்தான். வாசிக்கத் தெரிந்த என் கண்ணுக்கு அது தட்டுப்படவே இல்லை. என் தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளி வைத்திருக்கிறேன்.