ஆந்திரேய் ஸலிஸ்னியாக்கின் மொழி ஆய்வு: ஒரு மதிப்பீடு

ஆந்திரேய் ஸலிஸ்னியாக் (ஏப்ரல் 29, 1935 – டிசம்பர் 24, 2017) ஸ்லாவிய மொழிகளை, குறிப்பாக ரஷ்ய மொழியின் வரலாற்றை ஆராய்ந்த மொழியியலாளர். மாஸ்கோவில் பிறந்து, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் பயின்றார். இடையில் பாரிஸ் சென்று ஆந்த்ரே மார்த்தினேயிடமும் பாடம் கேட்டார். 1960 முதல் அறிவியல் கழகத்தின் ஸ்லாவியல் நிறுவனத்தில் பணியாற்றினார். 1997இல் அக்கழகத்தின் முழு உறுப்பினரானார். ரஷ்ய மாணவர்களுக்காகச் சமஸ்கிருத இலக்கணச் சுருக்கம் ஒன்றும் எழுதியுள்ளார்.

பதவிகளை வைத்துப் பார்த்தால் பெரிய திருப்பங்கள் இல்லாத வாழ்க்கைதான். அவரைத் தனித்துக் காட்டுவது ஆய்வில் அவர் கடைப்பிடித்த ஓர் ஒழுங்கு. பழைய ஏடொன்றில் புரியாத வடிவம் வந்தால், எழுதியவன் பிழை செய்தான் என்று முடிவு கட்டும் முன், அவனுக்கு வேறோர் இலக்கணம் இருந்ததா என்று அவர் தேடினார்.

அந்தத் தேடலுக்கான பயிற்சி இக்கால ரஷ்ய மொழியிலேயே தொடங்கியது. ரஷ்யப் பெயர்ச்சொற்கள் வேற்றுமை ஏற்கும்போது விகுதியும் மாறும், அழுத்தம் விழும் அசையும் மாறும். பிறமொழியார் இதை மனப்பாடம் செய்தே கற்க வேண்டும் என்பது அன்றைய எண்ணம். ஸலிஸ்னியாக் இந்த மாற்றங்களைச் சில குறியீடுகளுக்குள் அடக்கிக் காட்டினார். முதல்நிலைப் பட்டத்துக்காக 1965இல் அவர் அளித்த ஆய்வேட்டுக்கு நேரடியாக முனைவர் பட்டமே வழங்கப்பட்டது. ஆய்வேடு 1967இல் நூலாயிற்று. 1977இல் வெளிவந்த அவருடைய 'ரஷ்ய மொழியின் இலக்கண அகராதி' ஏறத்தாழ 1,00,000 சொற்களைக் கடைசி எழுத்து வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றும் எவ்வாறு திரியும் என்று சொல்கிறது. கையால் தொகுக்கப்பட்ட இந்த அகராதியே பின்னாளில் ரஷ்ய மொழிக்கான கணினி நிரல்கள் பலவற்றுக்கு அடித்தளமானது.

பூர்ச்சமரப் பட்டை மடல்கள்

வடமேற்கு ரஷ்யாவின் நோவ்கரத் நகரில் 1951 ஜூலை 26 அன்று முதல் பூர்ச்சமரப் பட்டை மடல் மண்ணிலிருந்து கிடைத்தது. இன்று அங்கு கிடைத்தவை ஆயிரத்துக்கும் மேல். 11 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை வாழ்ந்த சாதாரண மக்கள் கடன், வழக்கு, திருமணம், கொள்முதல் பற்றி எழுத்தாணியால் கீறிய மடல்கள் இவை. தொடக்கத்தில் இவற்றைப் பதிப்பித்த அறிஞர்கள், எழுத்துகள் ஒன்றுக்குப் பதில் மற்றொன்றாக வருவதைக் கண்டு, எழுதியோர் அரைகுறைக் கல்வியினர் என்று கருதினர். படிப்பவரே இப்படி எண்ணிவிட்டால், புரியாத இடத்தில் தமக்குத் தோன்றிய சொல்லைப் பொருத்திவிடலாம். வாத்தியாரின் சிவப்பு மை போல, அது பிரதியையே மறைத்துவிடும்.

1982 முதல் அகழாய்வில் பங்கேற்ற ஸலிஸ்னியாக், தொல்லியலாளர் வலந்தீன் யானினுடன் சேர்ந்து மடல்களைப் பதிப்பித்தார். எழுத்து மயக்கங்கள் தாறுமாறானவை அல்ல, அன்றாட எழுத்துமுறை ஒன்றின் விதிகள் என்று அவர் நிறுவினார். இதற்கு 247ஆம் எண் மடல் நல்ல சான்று. 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்த மடலில் பூட்டையும் கதவையும் ஒட்டி 'கேலே' என்றொரு சொல் வருகிறது. முதற்பதிப்பில் இது துறவியின் அறையைக் குறிக்கும் சொல்லாகக் கொள்ளப்பட்டது. ஸலிஸ்னியாக்கின் வாசிப்பில் அதன் பொருள் 'முழுமையானது, சேதமற்றது'. பூட்டு உடையவில்லை, கதவும் உடையவில்லை; எனவே திருட்டுக் குற்றச்சாட்டு பொய். ஒரு சொல்லின் வாசிப்பு மாறியதும், குழம்பிக் கிடந்த மடல் தெளிவான வழக்குரையாகிவிட்டது.

ஆனால் இந்த வாசிப்பை ஏற்றால் ஒரு பாடநூல் விதி உடைகிறது. 'முழுமையான' என்ற சொல் பிற ஸ்லாவிய மொழிகளில் 'த்ஸ' ஒலியில் தொடங்கும். பழைய 'க' ஒலி சில உயிர்களுக்கு முன் அவ்வாறு மாறியது (கன்னடக் 'கிவி' தமிழில் 'செவி' என நிற்பதை ஒப்பிடலாம்). இம்மாற்றம் ஸ்லாவிய மொழிகள் அனைத்திலும் நடந்தது என்பதே அந்த விதி. நோவ்கரத் வட்டாரத்தில் அது நடக்கவே இல்லை என்பதை மடல்கள் காட்டின. அருகிலுள்ள பிஸ்கோவ் வட்டார வழக்கைக் கொண்டு சோஃபியா குளூஸ்கினா 1960களிலேயே இதைச் சொல்லியிருந்தார். அன்று பெரிதாகக் காதில் வாங்கப்படவில்லை. ஸலிஸ்னியாக்கின் புகழைப் பேசும்போது அவர் பெயரை விட்டுவிடுவது நியாயமன்று.

இதன் விளைவு ஒலியியலோடு நிற்கவில்லை. ஒரே பழைய மொழி இருந்தது, அது பின்னர் கிளைகளாகப் பிரிந்தது என்ற எளிய படம் மாறியது. வெவ்வேறாக இருந்த வடமேற்கு வழக்கும் நடு-கிழக்கு வழக்கும் நெருங்கிக் கலந்தே ரஷ்ய மொழி உருவானது என்றார் அவர். 'கைக்கு' என்பது இன்றைய ரஷ்ய மொழியில் 'ருக்கே', உக்ரைனிய மொழியில் 'ருத்ஸி'. 'க' மாறாமல் நிற்பதில் ரஷ்யம் நோவ்கரத்தின் பக்கம் இருக்கிறது. 'பழைய நோவ்கரத் வழக்கு' (1995) என்ற நூல் இவற்றையெல்லாம் விரித்துரைக்கிறது. அவருடைய நூல்களில் முதலில் வைக்க வேண்டியது இதுவே.

இகோர் காவியமும் மெழுகுப் பலகையும்

'இகோர் படையெடுப்பின் பாடல்' 1800இல் அச்சாகி, அதன் கையெழுத்துப்படி 1812 மாஸ்கோ தீயில் அழிந்தது. அது போலிப் படைப்பு என்ற வாதம் நெடுங்காலம் நிலவியது. 2004இல் ஸலிஸ்னியாக் எழுதிய நூல், நாட்டுப்பற்றை ஒதுக்கி வைத்துவிட்டு இலக்கணத்தை மட்டும் எடுத்துக்கொண்டது. இருமை எண்ணின் வடிவங்கள், ஒட்டுச்சொற்கள் வாக்கியத்தில் நிற்கும் இடம் ஆகியவை பழைய விதிகளுக்கு இணங்கி வருகின்றன. 18ஆம் நூற்றாண்டில் ஒருவர் இதைப் போலியாக்க வேண்டுமானால், பிற்கால மொழியியலாளர் கண்டறிந்த விதிகளை அவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அப்படி ஒரு மேதை இருந்திருக்கவே முடியாது என்றும் அவர் சொல்லிவிடவில்லை. அந்த அடக்கமே வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது.

இதே அளவுகோலை அவர் மீதும் வைக்க வேண்டும். 2000ஆம் ஆண்டில் நோவ்கரத்தில் கிடைத்த மெழுகுப் பலகைகளின் மேற்பரப்பில் சங்கீதப் பாடல்கள் தெளிவாகத் தெரிகின்றன. மெழுகுக்கு அடியில், மரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்த கீறல்களிலிருந்து வேறு பல நூற்பகுதிகளையும் அவர் மீட்டதாக அறிவித்தார். மடல்களிலும் இகோர் காவியத்திலும் அவர் காட்டிய சான்றுகளை எவரும் எடுத்துச் சரிபார்க்கலாம். இங்கே சான்று பெரும்பாலும் அவருடைய கண்ணும் பொறுமையும்தான். ஆகவே அறிஞர் பலர் இந்த வாசிப்பை ஐயத்துடனே நோக்குகின்றனர். மேற்கோள் காட்டும் மாணவர்கள், மெழுகின் மேலுள்ள பாடல்களையும் அடியிலிருந்து மீட்டதாகச் சொல்லப்படும் பகுதிகளையும் ஒரே தரச் சான்றாகக் கொள்ளக் கூடாது.