இருட்டில் உழைத்தவர்கள்

பிலிம் திரும்பி வந்திருக்கிறது. 2012இல் திவாலாகி நீதிமன்றம் போன கோடக், அதே ஆண்டு நிறுத்துவதாக அறிவித்த எக்டாக்ரோமை 2018இல் மறுபடி விற்பனைக்குக் கொண்டுவந்தது. செல்பேசியில் எடுத்த துல்லியமான படத்தின்மேல் பிலிமின் பொரிப்பொரியைத் தூவித் தரவும் செயலிகள் இருக்கின்றன. "பிலிம்ல உயிர் இருக்கு, டிஜிட்டல்ல இல்ல" என்கிறார்கள் படமெடுக்கும் நண்பர்கள்.

இந்த 'உயிர்' எங்கிருந்து வருகிறது? யந்திர மறுஉற்பத்தி கலைப்படைப்பின் ஒளிவட்டத்தை உதிர்த்துவிடுகிறது என்று 1930களில் வாதிட்ட வால்டர் பெஞ்சமின், சாட்சிக்கு நிறுத்தியது புகைப்படத்தையும் சினிமாவையும்தான். ஒரு நெகடிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம், அதில் எது அசல் என்று கேட்பதே அர்த்தமற்றது என்றார் அவர். இன்றைக்கு அந்த நெகடிவுக்கே ஒளிவட்டம் கட்டியாகிறது. புது யந்திரம் வந்ததும் பழைய யந்திரம் கைவினைப் பொருளாகிவிடுகிறது.

இந்தக் கவர்ச்சி முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. 36 படத்துக்குள் முடிவெடுத்தாக வேண்டும். எடுத்ததை உடனே பார்க்க முடியாது. கையில் பிடித்துப் பார்க்க ஒரு பொருள் மிஞ்சுகிறது. எல்லாம் சரிதான். ஆனா, அந்தப் பொருளைச் செய்த கைகள் இந்தப் பேச்சில் எங்கே?

உதகமண்டலத்தில் 1960இல் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் தொடங்கப்பட்டது. 1967இலிருந்து 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிம், எக்ஸ்ரே பிலிம், அச்சிடும் தாள் எல்லாம் அங்கிருந்து வந்தன. வெளிச்சம் பட்டால் கெட்டுப்போகிற சரக்கு. பிலிமில் ரசாயனம் பூசுவது, வெட்டுவது, சுருட்டுவது எல்லாமே இருட்டில். நாம் சிலாகிக்கிற ஒளி, வேலை நேரம் பூராவும் இருட்டில் கைத்தடவலாக உழைத்த மனிதர்கள் செய்து கொடுத்தது.

டிஜிட்டல் வந்து அந்த ஆலையைக் கொன்றுவிட்டது என்பது வசதியான கதையாடல். 1990களின் நடுவிலேயே அது நலிந்த ஆலை. அப்போது நம்மில் யார் கையில் டிஜிட்டல் கேமரா இருந்தது? கடனையும் இறக்குமதிச் சரக்கின் போட்டியையும் தாராளமயக் கொள்கையையும் மறைத்துவிட்டுத் தொழில்நுட்பத்தின்மேல் பழியைப் போட்டால், பொறுப்பேற்க ஆளில்லாமல் போகிறது.

இப்போது வெளிநாட்டுச் சுருளை விலை கொடுத்து வாங்கி, அசல்தன்மையை மீட்டதாக நினைத்துக்கொள்கிறோம். சரக்கு மட்டும் திரும்பி வருகிறது, உழைப்பு மறதிக்குள் போகிறது. மார்க்ஸ் சரக்கு வழிபாடு என்றது இதைத்தான். பிலிம் மேல் நமக்குள்ள பிரியம் மெய்யானால் அந்த ஆலைத் தொழிலாளர்களின் பேச்சைக் கேட்டுப் பதிவுசெய்வோம். அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.