மறைகாப்பும் வாய்ப்பூட்டும்: தொலைவழி உளமருத்துவ நெறிமுறைகள் பற்றி ஒரு மதிப்பீடு

கொடுமைகளால் உள்ளம் நொறுங்குண்டோர்க்குத் தொலைபேசி வழியாகவும் காணொலி வழியாகவும் ஆற்றுதல் அளிக்கும் முறை, பெருந்தொற்றுக் காலந்தொட்டு நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. 2020 மார்ச் 25இல் நடுவண் அரசு தொலைமருத்துவ நடைமுறை நெறிமுறைகளை வெளியிட்டது. அதே ஆண்டில் இந்திய மனநல மருத்துவர் சங்கம், இந்தியத் தொலைமருத்துவச் சங்கம், பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் ஆகிய மூன்றும் இணைந்து மனநல மருத்துவத்திற்கெனத் தனி நெறிமுறை நூல் ஒன்றை ஆக்கின. 2022 அக்டோபர் 10இல் டெலிமானஸ் என்னும் சேவை தொடங்கப்பெற்று, 14416 என்ற எண் நாடெங்கும் அறிமுகமாயிற்று. இந்நெறிமுறைகள் மருத்துவர்க்கென எழுந்தவையே. எனினும் ஆற்றுப்படுத்தும் பணியில் இறங்கும் ஆயர்களும் இறையியல் மாணவரும் இவற்றையே அளவுகோலாகக் கொள்ளும் நிலை இருத்தலின், இவற்றை ஆய்ந்து மதிப்பிடுவது நம் கடமையாகின்றது. ஆய்வுக்குரிய உரைகல்லாகத் தருமபுரி மாவட்டத்தை எடுத்துக்கொள்கின்றோம்.

1. நெறிமுறைகளின் சிறப்பு

குறை காணுமுன் நிறையைக் கூறுதல் முறை. எழுத்து, குரல், காணொலி ஆகிய மூன்று ஊடகங்களின் ஆற்றலையும் குறைபாட்டையும் நெறிமுறைகள் பிரித்துக் காட்டுகின்றன. தொலைவழி போதாதெனக் கண்டால், நோயாளரை நேரில் வரச்சொல்லும் உரிமையை மருத்துவருக்கு அளிக்கின்றன. நோயாளரின் இசைவை இன்றியமையாததாக்குகின்றன. இவையாவும் வரவேற்கத்தக்கன.

மனவடு பற்றிய அறிவும் இக்காலத்தில் வளர்ந்துள்ளது. கொடுமைக்கு ஆளானோரை உடனே அழைத்து, நடந்தவற்றையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லவைக்கும் பழைய முறையைக் கைக்கொள்ளலாகாதென உலக நலவாழ்வு நிறுவனம் அறிவுறுத்துகின்றது. முதலில் பாதுகாப்பு, பின்னர் நினைவுகூர்தலும் துக்கங்கொண்டாடலும், அதன்பின் மக்களோடு மீண்டும் இணைதல் என்ற மூன்று படிகளை அமெரிக்க மருத்துவர் ஜூடித் ஹெர்மன் 1992இல் வகுத்தார். பாதுகாப்பே முதற்படி என்பதை வாசகர் நினைவிற்கொள்க. நம் வாதம் அதனையே சார்ந்து நிற்கின்றது.

2. வாச்சாத்தி எழுப்பும் வினாக்கள்

ஹெர்மனின் நூல் வெளிவந்த அதே 1992இல், ஜூன் 20ஆம் நாள், அரூர் வட்டத்தில் சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி என்னும் பழங்குடிச் சிற்றூருக்குள், சந்தனக்கட்டைக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி, வனத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் சூறையாடப்பட்டன. பலர் சிறையில் அடைக்கப்பட்டனர். அத்தகைய கொடுமை நிகழவேயில்லை என அதிகாரத்தில் இருந்தோர் மறுத்தனர். பழங்குடி மக்கள் சங்கத்தாரும் இடதுசாரி இயக்கத்தாரும் துணைநிற்க, அம்மக்கள் நீதி கேட்டுப் போராடினர். 2011 செப்டம்பர் 29இல் தருமபுரி அமர்வு நீதிமன்றம், குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் அந்நாளில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் எனத் தீர்த்தது. எஞ்சிய 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தனர். 2023இல் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி தாமே வாச்சாத்திக்குச் சென்று பார்த்தார். அவ்வாண்டு செப்டம்பர் 29இல் தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் வழங்க ஆணையிட்டார்.

இவ்வூரின் பெண் ஒருவர் இன்று தொலைபேசியில் ஆற்றுதல் நாடுவதாகக் கொள்வோம். நெறிமுறை அவரிடம் கேட்பதென்ன?

முதலாவது, பெயரும் வயதும் முகவரியும் கேட்கும். தொலைமருத்துவத்தில் இருபாலாரும் தம்மை வெளிப்படுத்திக்கொள்ள வேண்டுமென்பது விதி. மருந்து எழுதுதற்கு இது தேவையே. ஆனால் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் பெயரை வெளியிடலாகாதென நாட்டின் குற்றவியல் சட்டமே காக்கின்றது. ஊரின் பெயரைச் சொன்ன அளவிலேயே அடையாளம் வெளிப்பட்டுவிடும் நிலையில் உள்ளவரிடம் முதற்கேள்வியே இதுவாயின், இரண்டாம் கேள்விக்கு அவர் காத்திருப்பாரா?

இரண்டாவது, நெறிமுறை தனிமையான இடத்தை எதிர்பார்க்கும். ஓரறை வீட்டில், பலர் கையாளும் ஒரே கைபேசியில், தனிமை எங்கே கிட்டும்? மலையூர்களில் அலைவரிசை கிடைக்கும் இடந்தேடி மேட்டில் ஏறி நிற்பவர் ஊரறியவே பேச வேண்டியவராகின்றார்.

மூன்றாவது, கொடுமை முடிந்துவிட்டது என நெறிமுறை கருதிக்கொள்கின்றது. 2012 நவம்பர் 7இல் இதே மாவட்டத்தில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிந்தன. தாக்கினோர் தொலைவிலிருந்து வந்து மறைந்த படையினர் அல்லர், சுற்றுவட்டாரத்தவர். அதே சாலையில் நடந்து, அதே பேருந்தில் ஏற வேண்டியவருக்கு, 'அது கடந்தகாலம்' என்று தொலைபேசியில் சொல்வது ஆறுதலாகாது. வாச்சாத்தியிலோ, வடுவை உண்டாக்கியவர் அரசுப் பணியாளர். ஆற்ற வரும் குரலும் அரசின் குரலே. அக்குரலை நம்புவதற்கு என்ன பிணை உண்டு என்பதை எந்த நெறிமுறையும் எண்ணிப்பார்க்கவில்லை.

இம்மூன்றையும் விளக்கும் ஒரு வளர்ச்சியை ஈழத்தில் காண்கின்றோம். போருக்கு நடுவே யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், 1993இல் 'மனவடு' என்னும் நூலை வெளியிட்டார். 1998இல் வடுப்பட்ட உள்ளங்களைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய அவரே, 2014இல் வடுப்பட்ட சமூகங்களைப் பற்றி எழுதினார். தனியாளிடமிருந்து சமூகத்தை நோக்கிய இப்பயணத்தை நம் நெறிமுறைகள் இன்னும் மேற்கொள்ளவில்லை.

3. தாமாரின் அறை

இங்கே திருமறை நமக்கு ஒளி தருகின்றது. சாமுவேலின் இரண்டாம் நூல் 13ஆம் அதிகாரத்தில் தாமார் கெடுக்கப்பட்டபின் வாய்விட்டு அழுதுகொண்டு தெருவில் நடக்கின்றாள். உடன்பிறந்தான் அப்சலோம் அவளைப் பேசாதிருக்கச் சொல்லுகின்றான். அரசனாகிய தாவீது சினங்கொள்கின்றான்; ஒன்றும் செய்தானில்லை. அதன்பின் தாமார் அண்ணன் வீட்டில் பாழடைந்தவளாய்த் தங்குகின்றாள். அவளுக்குத் தனியறை கிடைத்தது, நலம் கிடைக்கவில்லை.

மறைகாப்பு வேறு, வாய்ப்பூட்டு வேறு. சொல்வதா வேண்டாவா, யாரிடம், எப்பொழுது என்பதைத் துன்புற்றவரே முடிவுசெய்யின் அது மறைகாப்பு. குடும்பமானம், ஊர்மானம், சபைமானம் கருதி மற்றவர் முடிவுசெய்யின் அது வாய்ப்பூட்டு. இரண்டும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே மூடிய கதவாய்த் தோன்றும். நெறிமுறைகள் மருத்துவரின் மறைகாப்புக் கடமையை விரிவாகப் பேசுகின்றன. வாய்ப்பூட்டைப் பற்றி வாளாவிருக்கின்றன. இதுவே அவற்றின் தலையாய குறை என்போம். வாச்சாத்திப் பெண்கள் தம் பெயரைச் சட்டம் காக்க, தம் சான்றை வழக்குமன்றத்தில் உரைத்தனர். மறைகாப்பும் வெளிப்படப் பேசுதலும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல என்பதற்கு அவர்களே சான்று.

நம் சபைகளில் வாய்ப்பூட்டு, பெரும்பாலும் 'மன்னித்துவிடு' என்னும் சொல்லாய் வருகின்றது. உண்மை ஏற்கப்படுமுன், குற்றம் குற்றமெனக் கூறப்படுமுன் மன்னிப்பைக் கேட்பது அப்சலோமின் அறிவுரையைச் செபமொழியில் சொல்வதேயாகும். உயிர்த்த ஆண்டவர் தம் காயங்களை மறைத்து வரவில்லை. தாமே விரும்பிக் காட்டினார்.

4. ஆயர்க்குரியவை

ஆகவே தொலைபேசியை விலக்குக என்பது நம் கருத்தன்று. அரூருக்கு வந்து மருத்துவரைக் காணப் பேருந்துக்கட்டணமும் ஒருநாட் கூலியும் இழக்கும் மலைவாழ் மக்களுக்கு அது பெரும் உதவி. ஆனால் அது நடைப்பயணத்தின் தொடர்ச்சியாதல் வேண்டும், மாற்றாதல் ஆகாது. யோபின் நண்பர் ஏழுநாள் தரையில் உடனிருந்தவரை நல்லவராய் இருந்தனர். முகமறிந்த ஒருவர் நேரிற்சென்று அமர்ந்தபின்னரே தொலைவழிப்பேச்சு பொருள்பெறும்.

பேசும்போது, 'இப்போது எங்கிருக்கிறீர்கள், அருகில் யார் இருக்கிறார்கள், இணைப்பு அறுந்தால் நான் மீண்டும் அழைக்கலாமா, உதவிக்கு வரக்கூடியவர் யார்' என்பன முதலில் கேட்கத்தக்கன. பிறர் கேட்கும் நிலையில் ஆம், இல்லை என்னும் விடைகளே போதுமாறு கேள்விகளை அமைத்தல் வேண்டும். பேச்சை நிறுத்துவதற்கு ஒரு குறிச்சொல்லை முன்னரே உறுதிசெய்துகொள்ளல் நன்று. நிகழ்ந்ததை விவரிக்கும்படி வற்புறுத்தலாகாது. தூக்கமின்மை, தற்கொலை எண்ணம் முதலியன காணின் மருத்துவரிடம் சேர்ப்பித்தல் வேண்டும். செபம் மருத்துவத்திற்குத் தடையன்று. சட்டத்துணை வேண்டுவோர்க்கு அதனைத் தேடித் தருவதும் ஆற்றுப்படுத்தலின் பகுதியே எனக் கொள்ளல் வேண்டும்.

நெறிமுறை நூலின் அடுத்த பதிப்பு எப்பொழுது வருமாயினும், அதனை எழுதுவோர் தமக்குள் இவ்வினாவை எழுப்பிக்கொள்வாராக: நாம் காக்கும் இம்மறை யாருடையது? அதே வினாவை ஒவ்வோர் ஆயரும் தம் அறைக்கதவைச் சாத்துமுன்னும், தொலைபேசியை எடுக்குமுன்னும் எழுப்பிக்கொள்வராயின், தாமார் பேச வாய்பெறும் சபையாக நம் சபை அமையும்.