வழக்கறிஞர் அகப்பக்கமும் மெய்க்கீர்த்தியும்

இராசராச சோழனின் மெய்க்கீர்த்தி அவன் ஆட்சியின் எட்டாம் ஆண்டளவில் கல்வெட்டுகளில் தலைகாட்டுகிறது. பின்னர் வெற்றிக்கு ஒரு தொடராக அது நீண்டுகொண்டே செல்கிறது. அவன் மகன் இராசேந்திரன் மெய்க்கீர்த்தியும் அவ்வாறே வளர்ந்தது. 1025ஆம் ஆண்டுக் கடற்படையெடுப்புக்கு முன் பொறித்த கல்லில் கடாரம் இல்லை. பின்னர்ப் பொறித்தவற்றில் ஸ்ரீவிசயம், பண்ணை, இலங்காசோகம், கடாரம் எனச் சுமத்திராவும் மலாயாவும் சார்ந்த ஊர்ப்பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆட்சியாண்டு சிதைந்துபோன கல்லையும் மெய்க்கீர்த்தியின் நீளங்கொண்டு காலங் கணிப்பது கல்வெட்டாய்வாளர் வழக்கம். இதனைத் தமிழாசிரியர் பலரும் அறிவர்.

வாழ்வு வளர வளரத் தன்னைப் பற்றிய வாசகமும் வளரும் இம்முறை அரசரோடு மறைந்துவிடவில்லை. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் அவற்றை ஒட்டிய தெருக்களிலும் கடைவீட்டு மாடிகளில் தொழில் நடத்தும் வழக்கறிஞர்தம் அகப்பக்கங்களில் அது புத்துயிர் பெற்றுள்ளது. அகப்பக்கத்தையெல்லாம் திறனாய்வுக்கு எடுக்கலாமோ என்று ஐயுறுவோர், மெய்க்கீர்த்தியும் ஒருகாலத்து அலுவலக எழுத்தே என்பதை எண்ணிப் பார்க்க. பிற்காலத்துப் பாட்டியலார் அதற்கும் இலக்கணம் வகுத்தனர் அல்லரோ?

முன்னாளில் வழக்கறிஞருக்குப் பெயர்ப்பலகை ஒன்றே விளம்பரம். தம் தொழிலைத் தாமே பறைசாற்றுதல் இழிவு என்பது ஆங்கிலேய வழக்கறிஞர் மரபு. மலாயாவும் அதனைக் கைக்கொண்டது. கோலாலம்பூரில் பிராடல் அண்டு ரமணி என்னும் நிறுவனத்தில் தொழில் நடத்திப் புகழ்பெற்ற ரா. ரமணி, மலேசியாவின் பேராளராக ஐக்கிய நாட்டு நிறுவனம் சென்று, 1965 மே மாதத்தில் பாதுகாப்பு மன்றத்துக்கே தலைமை தாங்கினார். அத்துணை உயர்ந்த வாழ்வையும் நிறுவனப் பெயரின் கடைசிச் சொல் ஒன்றே தாங்கி நின்றது. அதற்குமேல் மரபு இடந்தரவில்லை.

காலம் மாறிற்று. இங்கிலாந்தில் 1984இல் சொலிசிட்டர்களுக்கு விளம்பர உரிமை கிடைத்தது. மலேசியாவில் வழக்கறிஞர் விளம்பரத்துக்கு வரம்பு கட்டிய விதிகள் 2001இல் வந்தன. அவ்வரம்புக்குள் அகப்பக்கத்துக்கும் வழி பிறந்தது. இந்தியாவில் 2008ஆம் ஆண்டுத் திருத்தம், பெயர், முகவரி, தொலைபேசி, கல்வித்தகுதி, ஏற்கும் துறை முதலிய சில செய்திகளை மட்டும் வெளியிட இசைந்தது. 2024 ஜூலையில்கூடச் சென்னை உயர்நீதிமன்றம், வழக்கறிஞர் தொழில் வாணிகம் அன்று என்று கூறி, இணையத்தின் வழி ஆள்பிடிக்கும் விளம்பரங்களைக் கடிந்தது. ஆகவே இங்குள்ள வழக்கறிஞர் எழுதும் பக்கம் கட்டற்ற எழுத்தன்று. சிறு முற்றத்தில் ஆடும் ஆட்டம் அது. அதனால்தான் எந்தச் சொல்லைத் தேர்ந்தார், எதனை விட்டார் என்பது நோக்கத்தக்கதாகிறது.

இளம் வழக்கறிஞர் தனியே அலுவலகம் திறந்த புதிதில் எழுதும் பக்கம் சிறியது. மாடிப்படி எந்தக் கடைக்கு அடுத்து என்பது அதில் இருக்கும். சனிக்கிழமை திறந்திருக்குமா என்பதும் இருக்கும். அடுத்து வினைகள்: வீடு வாங்க ஒப்பந்தம் எழுதித் தருகிறோம், விபத்துக்கு இழப்பீடு கோருகிறோம், மணவிலக்கு மனுவைத் தாக்கல் செய்கிறோம். எழுவாய் எப்போதும் 'நாங்கள்'. அலுவலகத்தில் இருப்பவரோ ஒருவர். இச்சிறு பொய்யைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை.

வழக்குகள் வந்து, உதவிக்கு ஓரிருவரும் சேர்ந்தபின் பக்கத்தில் கட்டுரைகள் தோன்றுகின்றன. இவ்வகை எழுத்தின் உச்சம் இதுவே எனலாம். நாள்தோறும் மேசைக்கு எதிரே அமர்ந்து கேட்பவரின் கேள்விகள் அப்படியே தலைப்புகளாகின்றன. காரணமின்றி வேலையிலிருந்து நீக்கப்பட்ட தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டப்படி 60 நாளுக்குள் தொழிலுறவுத் துறையில் முறையீடு செய்ய வேண்டும். முறையீட்டுக்கு வழக்கறிஞர் தேவையில்லை. நாள் கடந்தால் அவ்வழி அடைபட்டுப்போகும். தமக்கு வரும்படி இல்லாத இச்செய்தியைத் தம் பக்கத்திலேயே எழுதி வைக்கும் வழக்கறிஞர், எழுத்தாலேயே ஒருவர் பிழைப்பைக் காத்தவராகிறார். தோட்டம் விட்டு வந்து கிள்ளான் அடுக்குமாடிகளில் குடியேறிய குடும்பங்களில், கைப்பேசியில் இதனைத் தேடிப் படித்துத் தந்தைக்குச் சொல்பவர் பெரும்பாலும் பள்ளி செல்லும் பிள்ளையே. அப்பிள்ளைக்கு '60' என்ற எண் தெளிவாகத் தெரிய வேண்டும்.

பின்னர் வாழ்வு உயர்கிறது. பங்காளர் சேர்கின்றனர், நிறுவனங்களின் வழக்குகள் வருகின்றன, பெயருக்கு முன் டத்தோ பட்டம் ஏறுகிறது. பக்கமும் புதுக்கப்படுகிறது. மேலே கோபுரங்கள் நிறைந்த நகரப் படம். கீழே 'முன்னணி', 'நம்பிக்கைக்குரிய', 'அனுபவம் மிக்க' என்ற வகையில் அடைமொழிகள். மாடிப்படி காணாமற்போகிறது. 60 நாளும் அதனோடு போய்விடுகிறது.

பக்கத்தின் இம்மாற்றத்தை இலக்கணக் கண்ணால் நோக்கின் ஒன்று புலனாகும்: முதற்பக்கம் வினைமுற்றால் நடந்தது, புதிய பக்கம் பெயரையும் அடையையும் கொண்டு நிற்கிறது. இராசேந்திரன் மெய்க்கீர்த்தியோடு ஒப்பிடுவார்க்கு இவ்விடத்தில்தான் வேறுபாடு தெரியும். கடாரங்கொண்டான் என்ற பட்டத்தினுள்ளும் 'கொள்' என்னும் வினை உயிரோடு இருக்கிறது. எதனைக் கொண்டான் என்று வினவினால் விடையும் அங்கேயே கிடைக்கும். 'முன்னணி' என்னும் சொல்லை வினவினால், யாருக்கு முன்னணி, எதில் முன்னணி என்பதற்குப் பக்கம் விடை தருவதில்லை. சோழன் புலவன் மிகைபடக் கூறியிருக்கலாம். வெறும் அடைமொழியோடு நின்றுவிடவில்லை.

உயர்ந்தவர் தம் உயர்வைச் சொல்லலாகாதா என்று கேட்கலாம். சொல்லலாம். பெரிய வழக்கை ஒப்படைக்க வருபவருக்கு வழக்கறிஞரின் தேர்ச்சி தெரிய வேண்டுவதே. தடை கூறுதற்குரியது பட்டம் அன்று; பட்டத்துக்கு இடம் வேண்டிப் பயனுள்ள வரியை அழிப்பது. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் 1976இல் இரு இளம் வழக்கறிஞர் நாளிதழில் விளம்பரம் செய்து, வழக்கறிஞர் மன்றத்தின் நடவடிக்கைக்கு ஆளாயினர். 1977இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. பேட்சு வழக்கு எனப் பெயர்பெற்ற அதற்குக் காரணமான விளம்பரத்தில் இருந்தது என்ன? எதிர்ப்பில்லா மணவிலக்குக்குக் கட்டணம் 175 டாலர், நீதிமன்றச் செலவு 20 டாலர் என்பன போன்ற விலைப்பட்டியலே. அடைமொழிக்காக எவரும் அங்கு வழக்காடவில்லை.

இனி மொழி. இப்பக்கங்களுள் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் உள்ளன. மலாயும் ஓரளவு உண்டு. தமிழ் அரிது. தமிழ் வேண்டுவோர் எந்திர மொழிபெயர்ப்பை அழுத்தினால், ஏற்கும் வழக்குகளைக் குறிக்கும் இடத்தில் 'பயிற்சிப் பகுதிகள்' என்று வந்து நிற்கிறது. வழக்கறிஞர் இன்னும் பயிற்சியில் இருக்கிறாரோ என்று படிப்பவர் மருளக்கூடும். 'நாங்கள் ஏற்கும் வழக்குகள்' என்று மூன்று சொல் எழுத ஒரு தமிழாசிரியரைக் கேட்டிருந்தாற் போதும். பிரிக்பீல்ட்சில் பூக்கடைப் பலகையில் தமிழ் நிற்கையில், மாடியில் உள்ள அலுவலகம் தன் பக்கத்தில் அதனை மறப்பது விந்தையே.

இன்னொரு குறை, கட்டுரைகள் பாதி அழிந்தும் பாதி நின்றும் கிடப்பது. நிலம் அடங்கிய சிறு சொத்தை நில அலுவலகத்தின் வழியே வாரிசுகளுக்குப் பகிர்ந்தளிக்க 1955ஆம் ஆண்டுச் சட்டம் வழி செய்கிறது. அதன் உச்ச மதிப்பு 20 இலட்சம் ரிங்கிட்டாக இருந்தது. 2024 ஜூலை முதல் 50 இலட்சமாயிற்று. உரிமையாளர் கம்பெனி வழக்குகளுக்குச் சென்றபின் திருத்துவாரின்றி நிற்கும் பழங்கட்டுரை இன்னும் 20 இலட்சம் என்றே சொல்லும். கணவனை இழந்த பெண் ஒருத்தி அதனை நம்பி, தனக்கு அவ்வழி இல்லையென்று உயர்நீதிமன்றத்துக்குச் செலவு செய்யப் புறப்படலாம்.

கல்வெட்டில் பழைய கல் ஓரிடத்தில் நிற்க, புதிய கல் வேறிடத்தில் ஏறும். இரண்டிலும் ஆட்சியாண்டு இருக்கும். அகப்பக்கத்தில் புதியது பழையதன்மேலேயே எழுதப்படுகிறது. அழிந்ததைக் காண, 1996இல் அமெரிக்காவில் தோன்றி 2001 முதல் பழம்பக்கங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவைத்த இணைய ஆவணக் காப்பகத்தைத்தான் நாட வேண்டும். அங்கும் எல்லாம் கிடைப்பதில்லை. கட்டுரை எழுதிய நாளையும் திருத்திய நாளையும் அதன் தலைப்பின் கீழே குறிப்பதற்கு ஒரு வரி போதும். அவ்வரியைப் பல பக்கங்களில் காண முடிவதில்லை. பக்கத்தின் அடியில், பதிப்புரிமைக் குறியை அடுத்து, ஓர் ஆண்டு இருக்கிறது. அதனை எவரும் எழுதுவதில்லை. ஒவ்வொரு சனவரியிலும் எந்திரம் தானே மாற்றிக்கொள்கிறது.