முல்லைத்திணையில் கார்: மறுக்கப்படும் சான்று

‘கார்’ என்னும் சொல் கருமேகத்தையும் மழைப்பருவத்தையும் ஒருங்கே குறிக்கும். அப்பருவத்தையும் மாலையையும் முல்லைக்குரிய பொழுதுகளாகத் தொல்காப்பியம் வகுக்கிறது. ஆதலின் முல்லைப் பாடல்களில் மேகம் இயற்கை அழகாக மட்டும் நில்லாது, தலைவன் மீள்வதாகக் குறித்துச் சென்ற காலமாகவும் அமைகிறது. கார் வந்தும் அவன் வாராவிடில், மேகமே அவன் சொல் தவறியமைக்குச் சான்றாகிவிடும். அச்சான்றை மறுக்கும் முயற்சியைக் குறுந்தொகையின் இரு பாடல்களில் காணலாம்.

66ஆம் பாடலில் தோழி, பெய்தது பருவமல்லாத வம்ப மாரி என்றும், அதனைக் கார் எனப் பிறழ உணர்ந்து பூத்த கொன்றை மரங்கள் அறியாமை உடையன என்றும் கூறித் தலைவியைத் தேற்றுகிறாள். ஓதலாந்தையாரின் 21ஆம் பாடலிலோ தலைவியே பேசுகிறாள். கொன்றை பூத்த கானம் கார் வந்ததென உரைப்பினும் தான் நம்புவதில்லை என்றும், அவர் பொய் கூறார் என்றும் மொழிகிறாள்.

இரண்டும் பருவம் மறுத்தலே எனினும் ஒருதன்மையன அல்ல. தோழி மழைக்கு ஒரு விளக்கம் தருகிறாள்; தலைவியோ, பூத்த மரத்தை விளக்க முற்படாமல் தலைவன் சொல்லையே பற்றிக்கொள்கிறாள். இதனைக் கற்பின் திண்மையாக மட்டும் கொண்டால், உள்ளுறையும் அச்சம் மறைந்துவிடும். ஐயம் எழாத நெஞ்சுக்கு மறுப்புரை தேவையில்லை. இப்பாடல்களில் காரின் உணர்வுப்பொருள், அதன் வரவை ஏற்க அஞ்சும் மனத்திலேயே ஆழம் பெறுகிறது.