தினையால் அளந்த சமத்துவம்: ஃபிரெடரிக் டீடமானின் ஆய்வு

மனித இனங்களை உயர்வு தாழ்வெனப் பிரிப்பதற்கு மண்டையோட்டைச் சான்றுக்கு அழைத்த நூற்றாண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டு. அமெரிக்கரான சாமுவேல் ஜார்ஜ் மார்ட்டனையும் பிரெஞ்சு அறிஞர் பால் பிரோக்காவையும் இவ்வகையில் நம்முள் பலர் அறிவோம். அதே மண்டையோட்டைக் கொண்டு அப்பிரிவினையை மறுக்க முனைந்த ஜெர்மானியர் ஃபிரெடரிக் டீடமானை அறிந்தோர் சிலரே.

1781-இல் காசல் நகரில் பிறந்த டீடமான், 1816 முதல் ஹைடல்பர்க் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் பேராசிரியராக விளங்கினார். கருவிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குறித்து அவ்வாண்டிலேயே வெளியிட்ட நூலும், வேதியியலார் லியோபோல்ட் கிமெலினுடன் இணைந்து நிகழ்த்திய செரிமான ஆய்வும் அவருக்குப் புகழ் தேடித் தந்தன. ஆயினும் நாம் இங்கு எடுத்துக்கொள்வது, லண்டன் ராயல் சொசைட்டியின் ஏட்டில் 1836-இல் அவர் ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரையையே. ஆப்பிரிக்கரின் மூளையை ஐரோப்பியரின் மூளையோடும் ஒராங்குட்டானின் மூளையோடும் ஒப்பிடும் கட்டுரை அது. பிரிட்டன் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழிக்கச் சட்டமியற்றி (1833) மூன்றாண்டுகளே கழிந்திருந்த காலம் என்பதை மறத்தலாகாது. டீடமானும் அதனை மறக்கவில்லை. அச்செயலைப் பாராட்டியே எழுதுகிறார்.

அவருடைய முறை எளியது. மண்டையோட்டினுள் உலர்ந்த தினையை நிரப்பி, அத்தினையை நிறுத்து, உட்கொள்ளளவை ஒப்பிட்டார். மூளைகளையும் தண்டுவடத்தையும் நரம்புகளையும் தனித்தனியே ஆராய்ந்தார். ஆப்பிரிக்கரின் மூளை சிறியது, நரம்புகளோ பருத்தவை என்று சோமரிங் போன்ற முன்னோர் கொண்டிருந்த கருத்துக்கு ஆதாரமில்லை என்பது அவர் முடிபு. பெண்களின் மூளை உடலோடு ஒப்பிடுங்கால் சிறியதன்று என்றும் அவர் எழுதியிருப்பது அக்காலத்தில் அரிதான நேர்மை.

எனினும் போற்றுதலோடு நின்றுவிட நமக்கு மனமில்லை. டீடமான் சராசரியைக் கணக்கிடவில்லை. மிகச் சிறியதற்கும் மிகப் பெரியதற்கும் இடைப்பட்ட வீச்சையே நோக்கினார். ஸ்டீபன் ஜே கூல்ட் 1999-இல் அவருடைய அட்டவணைகளிலிருந்து சராசரிகளைக் கணக்கிட்டபோது இனங்களுக்கிடையே சிறு வேறுபாடுகள் தோன்றின. பால் வுல்ஃப் மிட்செல் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் கூர்மையாக்குகிறது: மார்ட்டன் திரட்டிய எண்களும் டீடமான் திரட்டிய எண்களும் பெரிதும் ஒத்தவையே. ஒருவர் சராசரியைப் பார்த்தார், தரவரிசை கிடைத்தது. மற்றவர் வீச்சைப் பார்த்தார், சமத்துவம் கிடைத்தது. முதலில் வெண்மிளகாலும் பின்னர் ஈயக் குண்டுகளாலும் அளந்த மார்ட்டனுக்குக் கருவியின் துல்லியம் கூடியது, கேள்வியோ மாறவில்லை.

அவ்வாறாயின் டீடமான் சரியாகச் சொன்னது தற்செயலோ? அப்படிக் கூறுவது அநீதி. ஒரே இனத்துக்குள் காணப்படும் வேறுபாடு, இனங்களுக்கிடையே காணப்படும் வேறுபாட்டினும் மிகப் பெரியது என்பதை வீச்சு காட்டுகிறது, சராசரி மறைக்கிறது. அவர் நோக்கியது பொருத்தமான இடத்தையே. குறை வேறிடத்தில் உள்ளது. அடிமைப்பட்டவனின் மனிதத்தன்மையைத் தினையின் நிறையில் நிறுவ ஒப்புக்கொண்டமையே அக்குறை. நிறை வேறாக வந்திருப்பின் விடுதலைக்கான வழக்கு தோற்றிருக்குமோ? எதிராளி வகுத்த ஆடுகளத்திலேயே அவர் நின்றார். ஹெயிட்டி நாட்டவரான ஆந்தெனோர் ஃபிர்மின் 1885-இல் மனித இனங்களின் சமத்துவம் பற்றிப் பாரிசில் வெளியிட்ட நூலில்தான், அளவையியலாரின் அட்டவணைகளோடு அவற்றை ஏவிய நோக்கமும் விசாரணைக்கு உள்ளாயிற்று.

டீடமானின் இறுதிக்காலம் துயர் மிகுந்தது. பாடன் புரட்சியில் ராஸ்டாட் கோட்டைக்குத் தலைமை தாங்கிய அவர் மகன் குஸ்டாவ் 1849-இல் பிரஷ்யரால் சுட்டுக் கொல்லப்பட்டார். தந்தை அவ்வாண்டே பதவி துறந்தார். 1861-இல் மூனிக்கில் மறைந்தார்.

அவருடைய அட்டவணைகளிலும் மார்ட்டனின் அட்டவணைகளிலும் மண்டையோட்டுக்கு உரியவர்கள் எண்களாகவே நிற்கின்றனர். மார்ட்டனின் சேகரிப்பிலிருந்த பிலடெல்பியாக் கறுப்பின மக்கள் 19 பேரின் எச்சங்கள், 2024-இல்தான் அந்நகரை அடுத்த ஈடன் இடுகாட்டில் அடக்கம் பெற்றன.